முதல் குடம்

சாவு வீட்டுக்கு ஆள் கூட்டிக்கொண்டு போவதுதான் என் உத்தியோகம். அரசாங்க உத்தியோகம், பென்ஷன் உண்டு. கல்யாணங்களில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் சுகாதாரத் துறை என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். முழுவதும் சொல்லிவிட்டால் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்குக்கூடக் காத்திராமல் எழுந்து போய்விடுகிறார்.

அன்றைக்கு நான் கூட்டிக்கொண்டு போக வேண்டியவர் பெயர் தனகோட்டி. தண்ணீர் லாரி டிரைவர். லாரி ஷெட் வாசலில் மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி சட்டையோடு, கையில் ரோஜா மாலையோடு நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். பெண் பார்க்கப் போகிறவர் போல இருந்தது கோலம். பக்கத்தில் லாரி முதலாளி கடைசி நேர யோசனைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போனவொடனே கால்ல வுழுந்துடு கோட்டி. யோசிக்காத. அழுகை வரலன்னா இன்னொரு தபா வுழு. அவங்க வாயால ஏத்துக்கிட்டோம்னு வரணும், அவ்ளோதான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், இன்னிக்கே சீல் எடுத்துருவாங்கல்ல? ஒரு வாரமா வண்டி சும்மா நிக்குது."

அவருக்குப் பின்னால் அந்த லாரி நின்றது. முன் சக்கரத்தைச் சுற்றிச் சிவப்புப் பட்டை. "அவங்க ஏத்துக்கிட்டா எடுத்துருவாங்க" என்றேன். "நீங்களும் வரலாமே?"

"நான் எதுக்கு மேடம்? ஓட்டினது அவன்தானே" என்றார்.

அவர் சொன்னதில் சட்டப்படி தவறில்லை. எங்கள் சட்டம் ஸ்டியரிங் பிடித்தவரைத்தான் கூப்பிடுகிறது. அதை எழுதியவர்களில் யாரும் ஸ்டியரிங் பிடிக்கிறவர்கள் இல்லை.

காரில் தனகோட்டி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மாலையை மடியில் வைத்துக்கொண்டு இருமினார். நெஞ்சின் அடியிலிருந்து வருகிற, பழகிப்போன இருமல். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மேடம், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? ரோட்டுல எவ்ளோ வண்டி போவுது. அந்தப் பொண்ணு நெஞ்சுல இருந்தது என் லாரி பொகைதான்னு எப்படி மேடம் சொல்றாங்க?"

"எஃப்.சி. காட்டும்போது சைலன்சருக்குள்ள ஒரு வில்லை மாத்துவாங்களே, பாத்திருக்கீங்களா?"

"ஆமா. வெள்ளையா, பிஸ்கோத்து மாதிரி."

"அது ஓட ஓட உதிரும். கண்ணுக்குத் தெரியாத தூள். ஒரு வண்டித் தூள் மாதிரி இன்னொரு வண்டித் தூள் இருக்காது. புகையோட கலந்து வெளிய போகும். புகைக்கே நம்பர் பிளேட் மாட்டிவிட்ட மாதிரி."

"அது போலீசுக்குன்னுல்ல சொன்னாங்க?"

"மொதல்ல அதுக்குத்தான். புகைச் சோதனையில ஏமாத்தறவங்களைப் பிடிக்க. அப்புறம் ஒரு டாக்டரம்மா, செத்துப்போனவங்க நுரையீரலை எடுத்துப் பாத்தாங்க. புகையும் போகல, தூளும் போகல. எந்த வண்டி எவ்வளவுன்னு அப்படியே படிஞ்சு கெடந்தது."

தனகோட்டி தன் நெஞ்சை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. ஊருக்கே தெரிந்த கதை. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். ஒருவருடைய மூச்சில் ஊர்வண்டிகள் எல்லாம் இருந்தன. யார் எவ்வளவு கொடுப்பது என்று வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் ஒரு நீதிபதி சலித்துப்போய் ஒரு தீர்ப்பு எழுதினார். எந்த வண்டியின் புகை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக இருக்கிறதோ, அதை ஓட்டியவர் துக்கம் விசாரிக்க நேரில் போக வேண்டும். அந்த வீட்டார் முன் உட்கார்ந்து முகத்தைக் காட்ட வேண்டும். அவர்கள் ஏற்றுக்கொண்டால் வண்டி மறுபடி ஓடலாம். மறுத்தால் அந்த வண்டி இனி எந்தத் தெருவிலும் ஓடக் கூடாது.

நல்ல மனிதர் அவர். படித்தபோது நான்கூட அழுதேன். முதல் வருஷம் பெரிய பெரிய ஆட்கள் பெரிய பெரிய கார்களை விட்டு இறங்கி, குடிசைகளுக்குள் குனிந்து நுழைந்தார்கள். தொலைக்காட்சியில் காட்டினார்கள். அடுத்த வருஷம் அவர்கள் எல்லாரும் மின்சாரக் கார் வாங்கிவிட்டார்கள். அந்த மின்சாரத்துக்காக எங்கே எது எரிகிறதோ, அந்தப் புகைக்கு வில்லை கிடையாது. டயர் தேய்கிற தூசுக்கும் கிடையாது. மிச்சம் டீசலில் ஓடுபவை தண்ணீர் லாரி, குப்பை லாரி, ஷேர் வேன், அமரர் ஊர்தி. இந்த நான்கைந்து வருஷங்களாக நான் ஏழைகளை ஏழை வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறேன்.

"மேடம், நான் செத்தா என் வூட்டுக்கு யாரு வருவாங்க?" என்றார் தனகோட்டி திடீரென்று. "என் நெஞ்சுல இருக்கறதும் என் லாரி பொகைதானே. நானே எழுந்து வந்து முகம் காட்டணுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விதிகளில் அதற்குப் பதில் இல்லை.

"உள்ள போனா யாரும் வாங்கன்னு சொல்ல மாட்டாங்க" என்று என் பாடத்தை ஆரம்பித்தேன்.

"சாவு வூட்ல யாரு மேடம் வாங்கன்னு கூப்புடுவாங்க?"

"உக்காரணும். பேசக் கூடாது. திட்டினாலும் பதில் பேசக் கூடாது. நான் எழுந்ததும் நீங்களும் எழுந்து..."

"சொல்லிக்காம வந்துடணும். தெரியும் மேடம். எங்க வூட்லயும் சாவு வுழுந்திருக்கு." மாலையில் உதிர்ந்த இதழ் ஒன்றை எடுத்து ஜன்னல் வழியே போட்டார். "பொண்ணு பேரு இன்னா சொன்னீங்க?"

"நேத்ரா. பத்து வயசு."

"அப்படி யாரும் எனக்குத் தெரியாது" என்றார். அதில் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது.

மேம்பாலத்தின் அடியில் திரும்பி, இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் நெருக்கிய ஒரு முட்டுச்சந்துக்குள் கார் நுழைந்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மேடம், இது என் லைனு."

"தெரியும். அட்ரஸ் இதுதான்."

"தெனமும் காலைல வர்ற எடம் மேடம் இது."

சந்தின் ஓரமாகக் குடங்கள் வரிசையாக நின்றன. பச்சை, நீலம், சிவப்பு, ஆரஞ்சு. ஒரு வாரமாக லாரி வராத தெருவில் வரிசை மட்டும் கலையாமல் இருந்தது. காற்றில் உருண்டுவிடாமல் ஒவ்வொன்றிலும் ஒரு கல். அந்தப் பகுதியில் நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது. குழாய்களில் காற்றுகூட வருவதில்லை. லாரிதான் எல்லாம்.

காரிலிருந்து அவர் இறங்கியதும் குடங்களின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள். "தனகோட்டிணா! எங்கணா போயிட்ட? லாரிய வுட்டுட்டாங்களா?" என்று ஒருத்தி ஓடிவந்தாள். அப்புறம்தான் அவர் வேட்டியையும் மாலையையும் பக்கத்தில் என்னையும் பார்த்தாள். முகம் மாறியது. ஆனால் அது பரிதாபமாக மாறவில்லை.

"மொகம் காட்ட வந்தியா? சரி சரி, மேல போயி சீக்கிரம் முடிச்சுட்டு வாணா. வூட்ல சொட்டுத் தண்ணி இல்ல."

இரண்டாவது மாடி. நாங்கள் ஏற ஏற, பின்னாலேயே பெண்களும் ஏறி வந்தார்கள். கதவுக்கு வெளியே படிக்கட்டில் நின்றுகொண்டார்கள். சிலர் கையில் காலிக் குடம் இருந்தது.

கூடத்தில் ஒரு நாற்காலியில் மாலை போட்ட புகைப்படம், விளக்கு. தரையில் நேத்ராவின் அப்பா லோகேஷ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சாப்பாடு டெலிவரி செய்கிறவன், கம்பெனிச் சட்டையிலேயே இருந்தான். அம்மா மோனிஷா விளக்கின் பக்கத்தில் இருந்தாள். முப்பது வயது இருக்கும். அவள் முதுகில் தொங்கிக்கொண்டு ஆறு வயதுச் சின்னவள் தன்வி.

அன்றைக்குப் பதினாறாம் நாள் காரியம். காரியம் நடக்கிற வீட்டில் உட்கார இடம் இருக்காது. இங்கே கூடம் முழுக்கக் காலியாக இருந்தது. ஜனம் எல்லாம் படிக்கட்டில்தான்.

லோகேஷ் நிமிர்ந்து பார்த்தான். "நீயாணா?" என்றான். கோபமாகக்கூட இல்லை. தெரிந்திருந்தும் நம்ப முடியாமல் கேட்டான்.

 தனகோட்டி புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரட்டைச் சடை, முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்த சிரிப்பு.

"மஞ்சக் குடம்" என்றார்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலாளி சொன்னபடி காலில் விழவில்லை. மாலை கையிலேயே கிடந்தது.

"மேடம், இது மஞ்சக் குடம். எனக்குப் பேரு தெரியாது மேடம். லைன்ல எல்லாரையும் குடத்த வெச்சுத்தான் தெரியும். பச்சைக் குடம் ஆயா, செவப்புக் குடம் அக்கா. இது மஞ்சக் குடம். டெய்லி மொத எடம். கொஞ்ச நாளா காணோம், ஊருக்குப் போயிருக்கும்னு நெனச்சேன்."

பேசக் கூடாது என்று நான் அவருக்கு நினைவூட்டியிருக்க வேண்டும். 

மோனிஷாதான் பேசினாள். குரல் தளர்ந்துபோயிருந்தது.

"விடிஞ்சதும் எழுந்து ஓடுவா மேடம். யாரும் அனுப்ப வேணாம். மொத குடம் நம்ம குடமா இருக்கணும்னு அவளுக்கு ஒரு இது. அண்ணனும் மொத குடத்துக்குத் தளும்பத் தளும்ப ஊத்துவாரு. ஊத்தி முடிச்சு அடுத்த நடை, அடுத்த நடைன்னு நம்ம வூட்டுக் குடமெல்லாம் ரொம்பற வரைக்கும் அங்கயே நிப்பா. எடத்த விட்டா எவளாவது பூந்துடுவா."

முட்டுச்சந்து என்பதால் லாரி பின்பக்கமாகவே சந்தின் கோடிவரை வரும் என்பது எனக்கு முன்பே தெரியும். கோப்பில் படித்திருந்தேன். தண்ணீர்க் குழாய் லாரியின் பின்னால். புகைக் குழாயும் பின்னால், ஒரு சிறுமியின் முக உயரத்தில். இஞ்சின் ஓடினால்தான் பம்ப் ஓடும், பம்ப் ஓடினால்தான் தண்ணீர் வரும். ஓடுகிற வண்டி தன் புகையை ஊர் முழுக்கப் பங்கு வைத்துவிட்டுப் போகிறது. நிற்கிற வண்டி அவ்வளவையும் பக்கத்தில் நிற்பவருக்கே கொடுத்துவிடுகிறது. மேம்பாலத்தில் இரவும் பகலும் போகிற கனரக வண்டிகளை எல்லாம் தாண்டி, இந்த ஒரு லாரி நேத்ராவின் நுரையீரலில் முதல் இடத்துக்கு வந்தது இப்படித்தான்.

இனி என் கடமைகளில் இரண்டாவது. போகிற வீடுகளில் உயிரோடு இருக்கிறவர்களின் மூச்சையும் எடுத்து வர வேண்டும். ஆராய்ச்சிக்காக. கையடக்கமான ஒரு கருவி, அதில் ஊத வேண்டும். நெஞ்சுக்குள் என்ன படிந்திருக்கிறது என்று ஏறக்குறைய சொல்லிவிடும். ஆனால் அந்தக் கணக்கை வீட்டாரிடம் சொல்லக் கூடாது. உயிரோடு இருப்பவரின் மூச்சு சாட்சியம் ஆகாது என்று துறையில் முடிவு செய்திருக்கிறார்கள். சொன்னால் பீதி பரவுமாம். அதாவது, செத்தபிறகு தெரிந்துகொண்டால் போதும்.

"பலூன் ஊதற மாதிரி ஊது கண்ணு" என்றேன்.

தன்வி சந்தோஷமாக ஊதினாள். பாதியில் இருமல் வந்தது. மறுபடி ஊதினாள். திரையில் வண்டிகள் வந்து அடுக்கிக்கொண்டன. முதலாவது இந்த லாரிதான். அக்காவின் நெஞ்சில் இருந்ததில் பாதியைத் தாண்டியிருந்தது.

"இவ எங்க நிக்கறா?" என்று கேட்டேன்.

"அக்காவுக்கு முடியாமப் போனதுலேர்ந்து நான்தான் ஆன்டி மொத எடம்" என்றாள் தன்வி. "லாரி மாமா எனக்கும் தளும்ப ஊத்துவாரு."

நான் எழுந்து, "ஒரு நிமிஷம் உள்ள வாங்க" என்று மோனிஷாவை அழைத்தேன். சமையலறை இரண்டு பேர் நிற்கிற அளவுதான். பாத்திரங்கள் எல்லாம் கழுவாமல் கவிழ்ந்து கிடந்தன. மூடிபோட்ட ஒரு சொம்பில் மட்டும் தண்ணீர். என் தோளில் இருந்த பதிவுக் கருவியை அணைத்தேன். அணைக்கக் கூடாது. அணைத்தேன்.

"சொல்லக் கூடாதது ஒண்ணு சொல்றேன். தன்விக்கும் அதே லாரிதான். நீங்க ஏத்துக்கிட்டா நாளைக்கே லாரி திரும்ப வந்துரும். மறுத்துட்டா இந்தத் தெருவுக்கு அது வராது. நல்லா யோசிங்க."

அவள் அழுவாள், அல்லது என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அந்தச் சொம்பின் மூடியைச் சரிசெய்தாள்.

"தெரியும் மேடம்."

"எப்படித் தெரியும்?"

"ராத்திரி அவ பக்கத்துல படுக்கறவ நானு. பெரியவளுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அந்த மூச்சுச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"அப்ப மறுத்துடுங்க."

"மறுத்துட்டு?" என்றாள். முதன்முறையாக அவள் குரலில் கோபம் ஏறியது. "மறுத்துட்டு எங்க போவச் சொல்றீங்க? சாவுக்குத் தெருவே வந்து அழுதுச்சு மேடம். லாரிக்கு சீல் வெச்ச மறுநாள்லேர்ந்து ஒருத்தரும் வாசப்படி ஏறல. இன்னிக்குக் காரியம், பாத்தீங்கல்ல, ஆளிருக்காங்களா? மாடில ஒரு பொண்ணு புள்ள பெத்து வந்திருக்கா, அத்தக் குளிப்பாட்டத் தண்ணி இல்ல. இந்தச் சொம்புத் தண்ணி காசுக்கு வாங்குனது, சின்னவளுக்கு மருந்து குடுக்க. நெஞ்சுக்காக லாரிய நிறுத்தினா தாகத்துல சாவா. நீங்க படிச்சவங்க. எது சீக்கிரம், எது லேட்டுன்னு மட்டும் சொல்லுங்க, நான் முடிவு பண்ணிக்கிறேன்."

என்னிடம் பதில் இருந்தால் அன்றைக்கே இந்த உத்தியோகத்தை விட்டிருப்பேன்.

"அவளை வரிசையில நிக்க விடாதீங்க. நீங்க போய் நில்லுங்க" என்றேன். எவ்வளவு அற்பமான யோசனை என்று சொல்லும்போதே தெரிந்தது.

"விடிகாலைல நானும் அவரும் வேலைக்குக் கெளம்பிடறோம் மேடம்" என்றாள் மோனிஷா. "இருந்தா நிக்க மாட்டேனா?"

பதிவுக் கருவியை மறுபடி இயக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். படிக்கட்டுக் கூட்டம் இப்போது வாசல்படிவரை வந்திருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் முன்னால் நின்றாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை மட்டும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "மோனி, ஒரு வார்த்த சொல்லிடு தாயி. போன உசுரு போயிடுச்சு" என்றது.

லோகேஷ் அந்தக் குரலை நோக்கி எழப் போனான். மோனிஷா அவன் தோளில் கை வைத்து உட்காரவைத்தாள்.

நான் விதிப்படி கேட்டேன். "இவர் உங்க மகளோட சாவுக்கு முகம் காட்ட வந்திருக்கார். நீங்க ஏத்துக்கறீங்களா?"

 அப்போது தனகோட்டி கையைக் கூப்பினார்.

"வேணாம்னு சொல்லிடும்மா."

"பேசக் கூடாது" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை.

"ஏத்துக்காத தங்கச்சி. என் மொதலாளி கால்ல வுழச் சொல்லி அனுப்பினாரு. நான் அதுக்காக வுழல. வேணாம்னு சொல்லு, அந்த லாரிய ஒடைச்சுப் போடட்டும். நான் மூட்டை தூக்கிப் பொழச்சுக்கறேன். சின்னதும் அங்கதான் நிக்குது, எனக்குத் தெரியும். மொத குடம் ஊத்திட்டு மேல ஏறி உக்காந்துக்கிட்டு கண்ணாடில பாப்பேன். பொகைக்குள்ள நின்னுக்கிட்டு எனக்குக் கை ஆட்டும். நானும் ஆட்டுவேன். பாவி, கையாட்டினேனே தவிர எறங்கி வந்து தூரப் போம்மான்னு ஒரு வார்த்த சொல்லல."

வாய்விட்டு அழுதார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரை இப்படி உட்காரவைத்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்த அழுகை எது, தானாக வருகிற அழுகை எது என்று எனக்குத் தெரியும். தன் பிழைப்பைத் தானே வேண்டாம் என்று சொல்லி அழுத மனிதரை அன்றுதான் பார்த்தேன். படிக்கட்டில் பெண்கள் முணுமுணுத்தார்கள். "இந்தாளு இன்னா இப்படிப் பேசறாரு" என்று ஒருத்தி பயந்துபோய்ச் சொன்னாள்.

மோனிஷா மகளின் படத்தைப் பார்த்தாள். தன்வியைப் பார்த்தாள். வாசலில் நின்ற கைக்குழந்தையைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. வீட்டார் பேசாவிட்டால் அது மறுப்பு என்றுதான் விதி. லாரி போனது என்று நினைத்தேன். என் மனம் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் சத்தியமாகச் சொல்ல முடியாது.

உட்கார்ந்திருக்க விதித்த நேரம் முடிந்தது. நான் எழுந்தேன். தனகோட்டியும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மாலையைப் படத்துக்குப் போட்டார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசல்வரை போய், எத்தனையோ வருஷமாக இந்தத் தெருவில் தினமும் காலையில் கடைசிக் குடம் நிரம்பியதும் சொல்லிப் பழகியதை, அதே குரலில், தன்னை அறியாமல் சொல்லிவிட்டார்.

"வரேம்மா."

படிக்கட்டில் யாரோ "ஐயையோ" என்றார்கள். லோகேஷ் முகத்தை மூடிக்கொண்டான். சாவு வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு போனால் அதே வீட்டுக்கு அதே காரியத்துக்கு மறுபடி வரவேண்டிவரும் என்று எல்லாருக்கும் பயம். எனக்கும்தான். தனகோட்டி சொன்ன வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

மோனிஷா மட்டும் அசையவில்லை.

"காலைல சீக்கிரம் வாங்கண்ணா" என்றாள். "சுத்தமா தண்ணி இல்ல."

என் தோளில் பச்சை விளக்கு எரிந்தது. வீட்டாரின் சம்மதமாகக் கருவி அதை எடுத்துக்கொண்டுவிட்டது. இந்தப் பேச்சு ஏற்பு ஆகாது என்று அடித்துவிட எனக்கு அதிகாரம் உண்டு. அந்தப் பொத்தான் விரலுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கைக்குழந்தைக்காரி அதற்குள் மோனிஷாவைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் உள்ளே வந்து, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து ஒப்பாரி வைத்தார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் பொத்தானைத் தொடவில்லை.

கீழே இறங்கி வந்தபோது சந்தில் வெயில் சாய்ந்திருந்தது. எங்களுக்கு முன்னாலேயே தன்வி இறங்கி ஓடியிருந்தாள். வரிசையின் தலைமாட்டில், நாளைக் காலை லாரியின் பின்பக்கம் வந்து நிற்கப்போகிற இடத்தில், ஒரு மஞ்சள் குடத்தை வைத்து, உள்ளே ஒரு கல்லைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தனகோட்டி ஒரு கணம் நின்றார். பிறகு வேகமாகப் போய் அந்தக் குடத்தைத் தூக்கினார். வரிசை நெடுகிலும் நடந்து, சந்தின் வாய்வரை கொண்டுபோய், கடைசிக் குடத்துக்கும் அப்பால், காற்று வருகிற இடத்தில் வைத்தார். திரும்பி வந்து என்னைப் பார்த்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. அந்த நேரத்துக்கு எனக்கும் அது பெரிதாகத்தான் பட்டது.

காரின் கதவைத் திறப்பதற்குள் பின்னால் சிறிய காலடிச் சத்தம் கேட்டது. தன்வி இரண்டு கையாலும் குடத்தை அணைத்துக்கொண்டு திரும்ப வந்துகொண்டிருந்தாள். கல் உள்ளே உருண்டு சத்தம் போட்டது. மூச்சு வாங்க, நடுவில் ஒருமுறை நின்று இருமிவிட்டு, பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தாள்.

"இது எங்கக்கா எடம் மாமா" என்றாள். "யாரும் எடுக்கக் கூடாது."

நான் காரில் ஏறினேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.